லீவு போன துக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் தேவலையா?

உங்களைப் போன்ற பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பற்றிக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ஆலை என்றால் வணிகம்தானே என்று நூலகக் கணினியில் வணிகத் தரவுத்தளத்தைத் திறந்தேன். ஏற்றுமதி, லாபம் என்று கொட்டியது, ஆளையே காணோம். நூலகர் அக்கா, "ஆளைத் தேடணும்னா மருத்துவத் தரவுத்தளத்துல தேடும்மா" என்று மாற்றிக் கொடுத்தார். கட்டுரைக்குக் கட்டுரை பஞ்சுத் தூசி, நெஞ்சு இறுக்கம். உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை. என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மருத்துவரைப் பாருங்கள். விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளெல்லாம் மூச்சு முட்டும்போது, "லீவு போன துக்கம்டி" என்று சிரிப்பீர்களே, அந்த முதல் நாள் மூச்சுமுட்டல் எல்லாக் கட்டுரையிலும் நோயின் அறிகுறியாக இருக்கிறது அப்பா.

நூலகத்தை மூடுகிறார்கள்.

உங்கள் மகள்