நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி

மாமா,

சார்ஜர் சூடாகும்போது வருமே ஒரு பிளாஸ்டிக் வாடை, அது இன்று காலையும் கூடம் முழுக்க நின்றது. சாம்பிராணி போட்டும் போகவில்லை. மாதம் ஒரு தடவை உங்கள் வண்டிக்கு சார்ஜ் போடுகிறேன். அப்படிப் போடாவிட்டால் பேட்டரி வீணாகிவிடும் என்று அதோடு வந்த தாளில் எழுதியிருந்தது. மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உங்கள் மகன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்.

"யாருக்கு சார்ஜ் போடுற? அப்பா போயி வருசம் திரும்பிருச்சு."

"வண்டிக்கு."

"வண்டி எங்க போகப்போகுது?"

வெள்ளிக்கிழமை என்பதால் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். படியின் நடுவில் அந்தக் கீறல் இருக்கிறதே, அதில் மட்டும் மஞ்சள் ஒட்டாது. விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போதெல்லாம் நீங்கள் சிரித்த சிரிப்பு காதில் விழுகிறது.

உங்களுக்கு இடது கையும் காலும் விழுந்தபின் கூடத்துக் கட்டில்தான் உலகம் என்றாகிவிட்டது. நத்தம் ரோட்டில் பஸ் ஓட்டியே வாழ்நாளைக் கழித்த மனுஷர், வாசலில் போகும் வண்டியின் சத்தத்தை வைத்து "இவன் கியர் மாத்தத் தெரியாதவன்" என்று திட்டிக்கொண்டு படுத்திருந்தீர்கள். உங்களைத் தனியே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் எனக்கும் அந்தக் கூடம்தான். அபிராமி அம்மன் கோவிலுக்கு வெள்ளி தவறாமல் போய்வந்தவள், காலண்டர் படத்துக்கு விளக்கேற்றி முடித்துக்கொண்டேன். நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

"நாம ரெண்டு பேரும் ஒரே செல்லுலதான் கெடக்கோம் தாயி. எனக்காச்சும் என்ன கேசுன்னு தெரியும். ஒன்னைய எதுக்கு உள்ள போட்டாங்கன்னே தெரியலையே."

அன்று சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன், கண் கலங்குவதற்கு ஒரு காரணம் வேண்டுமென்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் உங்கள் முகம் முந்தின நாளே இறுகிவிடும். நம் நிலைப்படி அரைச் சாண் உயரம். சக்கர நாற்காலி ஏறாது. சந்தில் யாரையாவது கூப்பிட்டு, பிளாஸ்டிக் சேரோடு உங்களைத் தூக்கிப் படி தாண்ட வைப்போம். "மார்க்கெட்டுல மூட்டை ஏத்துற மாதிரியே ஏத்துறாய்ங்க" என்பீர்கள். ஒருநாள் திரும்பி வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னீர்கள்: "ஒரே ஒரு வாட்டி, எவனும் தூக்காம இந்தப் படியைத் தாண்டணும் தாயி. அம்புட்டுத்தான் ஆசை."

அதற்குப் பிறகுதான் பெங்களூரிலிருந்து உங்கள் மகள் அந்தப் பெட்டியை அனுப்பினாள். வேலை மாறிப் போகிற யாரோ விட்டுச் சென்ற மூன்று சக்கர சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் தரையை ஒட்டிச் சாய்ந்து படுக்கிற மாதிரி ஓர் இருக்கை. பெடல் முன்னால் நீட்டிய கம்பியின் நுனியில் இருந்தது. காலுக்குப் பயிற்சி ஆகும் என்று அனுப்பியிருந்தாள். கூடத்திலேயே பிரித்துப் பூட்டினோம். நீங்கள் பார்த்துவிட்டு, "என்ன தாயி, ஈசி சேருக்குச் சக்கரம் மொளைச்சிருக்கு!" என்றீர்கள்.

ஒற்றைக் காலால் மிதித்து அது நகரவில்லை. அப்போதுதான் அதில் மோட்டார் வைக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வந்தது. எட்டாவதோடு நின்றவள் நான். மிக்ஸிக்கு கார்பன் மாற்றியதும் குக்கர் கைப்பிடி பூட்டியதும்தான் என் அனுபவம். போனில் படம் பார்த்துப் பார்த்து, எந்த நிற வயர் எதோடு சேரும் என்று வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். வரவு, செலவு மாதிரி: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது. மின்சாரமும் அவ்வளவுதான் என்று அப்போது பிடிபட்டது.

மோட்டார் உள்ள சக்கரம் ஒன்றை வாங்கிப் பின்னால் மாட்டினோம். வலது கைப்பிடியில் திருகும் ஆக்ஸிலேட்டர். பிரேக்கில் நான் தவறவிட இருந்ததை நீங்கள் பிடித்தீர்கள். அந்த வண்டியில் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு முன்சக்கரம். "எனக்கு ஒரு கைதான் வேலை செய்யுது. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி சுத்திப் பொரண்டுரும்" என்றீர்கள். தேடிப் பிடித்து, ஒரே லீவரில் இரண்டு கேபிளும் இழுக்கிற மாதிரி ஒன்றை வரவழைத்தோம். செயலற்ற இடது கால் நழுவி வண்டிக்கு அடியில் போய்விடக்கூடாது என்று உங்கள் பழைய ரெக்சின் செருப்பை இடது பெடலில் போல்ட் போட்டு முடுக்கினேன். "சாமிக்குத்தான் செருப்பு காணிக்கை வைப்பாங்க, நீ பெடலுக்கு வச்சுட்டியே" என்றீர்கள்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த தப்பு பேட்டரியில். "பாரம் கீழ இருந்தாத்தான் வண்டி நிதானமா நிக்கும்" என்பது உங்கள் பஸ் புத்தி. எனக்கும் சரியென்று பட்டது. இருக்கைக்கு அடியிலேயே பேட்டரிப் பெட்டியைக் கட்டினோம். கூடத்துக்குள் அழகாக ஓடியது. கட்டிலிலிருந்து சாமி அறை வரை, சாமி அறையிலிருந்து கட்டில் வரை. நிலைப்படியை நாம் இரண்டு பேரும் நினைக்கவே இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்களுக்கு வாசல் மறந்துவிடும் போலிருக்கிறது.

படிக்கு இரண்டு பக்கமும் பலகை சாய்த்தோம். முதலில் இரண்டு தடத்துக்குத்தான் பலகை போட்டேன். நடுவில் வரும் பின்சக்கரத்துக்கு மூன்றாவது பலகை வேண்டும் என்று நீங்கள் வண்டியில் உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது. அதையும் போட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினீர்கள். முன்சக்கரங்கள் படி தாண்டின. பிறகு 'கிரீச்' என்று ஒரு சத்தம். பேட்டரிப் பெட்டியின் அடி படியில் தட்டி, வண்டி அப்படியே தொக்கி நின்றுவிட்டது. பாதி வீட்டில், பாதி வாசலில். நீங்கள் சரியாகப் படிக்கு மேலே.

நான் பதறிப்போனேன். "ஐயோ மாமா, வாசப்படியில உக்காரக் கூடாது, விளக்கு வைக்கிற நேரம்!"

"நான் எங்க தாயி உக்காந்திருக்கேன்? படுத்துல்ல கெடக்கேன்!"

கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். ஆனால் வண்டி பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. கடைசியில் சந்திலிருந்து இரண்டு பேர் வந்து உங்களைத் தூக்கித்தான் கட்டிலில் போட்டார்கள். அதன்பிறகு சிரிப்பு இல்லை. ராத்திரி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் சாமி முன் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நானே சந்தில் தச்சு வேலை செய்கிற ஒரு தம்பியை வரச்சொன்னேன். படியை அறுத்துவிட. அவன் ரம்பத்தை வைத்து அளவு பார்த்தபோது நீங்கள் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தீர்கள்.

"ஏலே அப்பு, ரம்பத்தை உள்ள வை. டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு."

"அக்காதான பெரியப்பா வரச் சொன்னாங்க?"

"வாய்தான் வரச் சொல்லிருக்கு. மூஞ்சியைப் பாரு, எங்கயாச்சும் சொல்லுதா?"

அவன் போனதும் நான் கோபப்பட்டேன். சாமியே இல்லை என்கிறவருக்கு ஒரு மரக்கட்டை மேல் என்ன அக்கறை என்று கேட்டேன். முன்பெல்லாம் "ஒங்க லட்சுமி உள்ள எடம் இல்லாமத்தான் படியில தொத்திக்கிட்டு வர்றாளா?" என்று கிண்டல் செய்தவர்தானே நீங்கள்.

"எனக்கு அது கட்டைதான். ஒனக்கு அப்படி இல்லையே" என்றீர்கள். "ஒன்னைய அழ வச்சுட்டு அந்தப் பக்கம் போயி நான் என்னத்தப் பாக்கப்போறேன்?"

பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் மாற்றினேன். பாரம் பின்னால் போனால் முன்பக்கம் தூக்கும் என்று நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி எடைக்கு அரிசியை மஞ்சப் பையில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டு, பலகையில் ஏற்றிக் காட்டியபிறகுதான் தலையாட்டினீர்கள்.

மறுபடி படி ஏற்றிப் பார்த்த அன்று காலை உங்கள் மகனும் வீட்டில் இருந்தார். "பின்னாடி லேசாத் தள்ளட்டுமாப்பா?" என்றார்.

"தொட்டேன்னா எறங்கிருவேன். தாயி, நீ பின்னால வந்து நில்லு. கண்டக்டர் ரைட் சொல்லாம நான் வண்டி எடுத்ததே இல்ல."

படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரைட்!" என்றேன். என் குரலா அது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வண்டி ஏறியது. நடுக்கம்பிக்கும் படிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. இறங்கியது. எவரும் தூக்கவில்லை, மாமா.

சந்து முனை வரைக்கும் போனீர்கள். நான் பின்னாலேயே நடந்தேன். மெயின் ரோட்டில் ஒரு நத்தம் பஸ் போனது. வலது கையைத் தூக்கினீர்கள். டிரைவர் பார்க்கவில்லை. "இம்புட்டுக் கீழ கெடந்தா எவன் கண்ணுலடா படும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். செத்த நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இது போதும்" என்றீர்கள். அவ்வளவு குறுகலில் வண்டி திரும்பாது என்பதால் பின்பக்கத்தை நான் தூக்கித் திருப்பினேன். சங்கடத்தோடு உங்கள் முகத்தைப் பார்த்தேன். "வண்டியைத்தான தூக்குற, என்னைய இல்லையே" என்றீர்கள்.

அடுத்த தடவை கோவில் வரை போகலாம், நான் சாமி கும்பிட, நீங்கள் வாசலில் நிற்பது என்று பேசி வைத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சளி நெஞ்சில் இறங்கியது. நான்கு பேர் உங்களைத் தூக்கிக்கொண்டு படி தாண்டினார்கள். பலகைகளை எடுக்க எனக்குத் தோன்றவில்லை; அவற்றின் மேல் மிதித்துத்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு துக்க வருஷம். கோவில் இல்லை, விசேஷம் இல்லை. சரி, சாஸ்திரம் என்று இருந்துவிட்டேன். போன வாரம் திவசம் முடிந்தது. நீங்களும் இல்லை, துக்கமும் கழிந்தது, பிடித்து வைக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் இன்று காலை கோவில் மணி கேட்டபோது கால் நகரவில்லை. காரணம் தீர்ந்தபிறகும் செல்லுக்குள்ளேயே நிற்கிறவளைப் பார்த்தால் நீங்கள் என்ன கிண்டல் செய்வீர்களோ.

உங்கள் மகன் போனதும் சார்ஜரைக் கழற்றினேன். ஸ்பேனரை எடுத்தேன். உங்கள் கால் நீளத்துக்கு நீட்டி வைத்திருந்த முன்கம்பியை நான்கு விரல் உள்ளே தள்ளி முடுக்கினேன். சங்கிலி தொளதொளத்தது; சில கண்ணிகளைக் கழற்றிவிட்டு மறுபடி சேர்த்தேன். உங்கள் செருப்பைக் கழற்றவில்லை. அதன் வாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். இப்போது என் காலுக்குப் பிடிக்கிறது. சாயங்காலம் பலகைகளைச் சாய்த்துவிட்டு, சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஏறிச் சாய்ந்தேன். இந்த உயரத்திலிருந்து பார்த்தால் படி மலை மாதிரி தெரிகிறது மாமா. இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே.

மில்லிலிருந்து திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கோலம் இது? எங்க போற?"

"அம்மன் கோவிலுக்கு. காலையில கேட்டீங்கல்ல, வண்டி எங்க போகப்போகுதுன்னு."

"ரோட்டுல இதுலயா? ஊரே பாக்கும்."

"இம்புட்டுக் கீழ எவன் கண்ணுலயும் படாதுன்னு ஒங்க அப்பா சொல்லிருக்காரு. வழியை விட்டு உள்ள வாங்க. பின்னால நின்னு ரைட் சொல்லுங்க."

"நானா?"

"கண்டக்டர் சொல்லாம வண்டி எடுக்கக் கூடாது. அவரு வச்ச சட்டம்."

வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டுப் படி தாண்டி உள்ளே வந்தார். உங்கள் கட்டில் நுனியில் உட்கார்ந்து செருப்பைப் பார்க்கிறார், அதற்குள் இருக்கும் என் காலைப் பார்க்கிறார். கணக்கு நோட்டை மடியில் வைத்து, அதே பின்பக்கத்தில், சாய்ந்தபடியேதான் இதை எழுதுகிறேன். வயர் நிறங்களுக்குக் கீழே இடம் இருந்தது.

அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் இறங்கவில்லை.