ஆபீஸ் வயரும் வீட்டு வயரும்

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸில் புது வயரின் ஒலியை அளந்து முடித்தேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர்தான். பாம்புச் சட்டை மாதிரி வெள்ளி உறை. சாதாரண வயரை மாட்டி ஒரு முறை, இதை மாட்டி ஒரு முறை அளந்தேன். திரையில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. பார்ப்பவர்கள் ஒரே கோடு என்றுதான் சொல்வார்கள்.

விற்பனை மேலாளர் வந்தார். பட்டப்பெயர் 'காது'. கண்ணை மூடி இரண்டையும் கேட்டார். "புது வயர்ல கண்ணாடியத் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கும்மா. உன் மிஷினுக்கு ரசனை பத்தாது." கம்பெனியின் அடுத்த ஸ்பீக்கர் மாடலில் இந்த வயரைச் சேர்த்து விலையை ஏற்ற வேண்டும் என்கிறார்.

சோதனைப் பிரிவின் மேடம் என்னிடம், "அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நீயே சொல்லு. ரிப்போர்ட்ல உன் கையெழுத்துதானே" என்றார்.

அத்தனை பேர் முன்னாலா? இன்னும் வேலைகூட நிரந்தரம் ஆகவில்லை.

மார்ச் 5, புதன்

மேடத்திடம் கேட்டு வயரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் கேட்ட காதுக்குப் பாட்டுதான் மருந்து என்பார். அவருடைய பழைய செட்டில் மாட்டிக் கொடுத்தேன். வயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டுக்குத் தலையாட்டினார். "பாடுறவரு பக்கத்துல வந்து உக்காந்துட்டாரே."

கோடு இரண்டும் ஒன்றுதான் அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கைக்கு வந்தது. "பரீட்சை வெச்சிடலாம்பா. அக்கா மட்டும்தான் பாஸ் பண்ணணுமா?"

மார்ச் 8, சனி

பரீட்சை. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தங்கை காசு சுண்டினாள். பூ விழுந்தால் வீட்டு வயர், தலை விழுந்தால் ஆபீஸ் வயர். மாட்டியது நான். ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு, அதே சத்தம்.

பத்துக்குப் பத்து.

"பாத்தியா, உன்னோடது மிஷின், இது காது" என்று அப்பா காதை இழுத்துக் காட்டினார். தங்கை குதித்தாள். எனக்கும் பெருமைதான். ஆனால் இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்ததெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்த ஒரு மனுஷரிடம் தோற்றுவிட்டதா? இனி எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவேன்?

மார்ச் 9, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. அப்பா எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி அளந்தேன். அதே கோடுகள். மேடத்திடம் அப்பாவின் மதிப்பெண்ணைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"வயர மாட்டினது யாரு?"

"நான்தான் மேடம்."

"எது எதுன்னு உனக்குத் தெரியும். நீயும் அதே ரூம்ல இருந்திருக்கே. வேற ஆள் மாட்டட்டும். நீயும் திரும்பி உக்காரு."

மார்ச் 11, செவ்வாய்

வாத்தியாரிடம் தண்டனை வாங்கிய பிள்ளைகள் போல் நானும் அப்பாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். தங்கை மாட்டினாள்.

அப்பா நாலு. நான் அஞ்சு.

அப்பா செட்டை அணைத்தார். "அப்போ சனிக்கிழமை நான் சொன்னது பொய்யா?"

இல்லப்பா என்று சொல்ல நினைத்தேன். கோடு சரி என்று ஆனதில் ஒரு நிம்மதி — அது அப்பா முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

தங்கைதான் பேசினாள். "பொய்யில்லப்பா. நீங்க பாட்டைக் கேக்கல, அக்காவைக் கேட்டீங்க. ஆபீஸ் வயர்னா பச்சப்புள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி சத்தமில்லாம வெப்பா. நம்ம வயர்னா ஒரே குத்து."

நான் அப்படியா செய்தேன்? அவள் திரும்பி நிற்க, நான் மாட்டிப் பார்த்தேன். பாட்டே போடவில்லை, அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அலுவலகச் சாமானுக்கு என் கை இவ்வளவு பயப்படுவது எனக்கே தெரியாது.

"அப்போ மொதநாளு?" என்றார் அப்பா.

"பளபளன்னு இருந்துச்சுல்ல, மயங்கிட்டீங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "மீட்டிங்ல இதையும் சொல்லு. அப்பன் நாலு மார்க்குன்னு சொல்லு, பரவால்ல" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

சொன்னேன். முதல் வாக்கியத்துக்கே யாரோ "கேக்கல" என்றார்கள். மறுபடி சொன்னேன். தொட்டில் கதைக்குச் சிரித்தார்கள்; அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில்லை அது.

'காது' சார் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு எனக்கு மாட்டினது யாரு?"

"நான்தான் சார். நீங்களும் வயரைப் பாத்துட்டுதான் கண்ணை மூடினீங்க." நானா பேசினேன்?

எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "என்னையும் உக்கார வைங்க." நானும் வெளியே போய் நின்றேன். மேடம் யாரையோ கூப்பிட்டு மாட்டச் சொன்னார்.

அவரும் நாலு. வயர் வேண்டாம் என்று முடிவானது. போகும்போது, "உங்கப்பாவும் நானும் ஒரே கிளாஸ்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

உத்தரவு கைக்கு வந்தது. மடங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது சொல்லலாம், அதுவரை மூச்சு விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றினேன். பையை ஆணியில் மாட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

"வேலை நெலையாயிடுச்சா?" என்றார். திரும்பக்கூட இல்லை.

"யார் சொன்னா?"

"பையை இன்னிக்கு மெதுவா மாட்டினியே."