புது இன்ஜின், பழைய பிரேக்

மார்ச் 4
பல் டாக்டரின் பழைய காரில் இன்று புது இன்ஜின் உட்கார்ந்தது. நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் ஆறு. கியர்பாக்ஸ் பெரிசு, அதனால் தரைத் தகட்டை வெட்டி மேடாக்கினேன், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை இரண்டு அங்குலம் குறைத்தேன். அறுபது வயசுக் கிழவருக்குப் பயில்வான் இதயத்தை வைத்துத் தைத்த மாதிரி. சாவியைத் திருப்பியதும் ஓர் உறுமல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 7
மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது இறக்கத்தில் பிரேக் சூடேறிவிட்டது. கல்லை மிதிப்பது போல இருந்தது, வண்டி நிற்கவில்லை. தீய்ந்த வாடை. கியரைக் குறைத்து எப்படியோ நிறுத்தினேன். வேகம் இரண்டு மடங்கு, டிரம் பிரேக் மட்டும் அந்தக் காலத்தது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டே ஆகவேண்டும். சாமான் வர மூன்று வாரம்.

மார்ச் 8
பட்டறையில் கை என்னுடையது, வாய் அத்தானுடையது. "சொன்ன தேதிக்கு வண்டி போகணும் மாப்ள. டிஸ்க்க அப்புறம் மாட்டிக்கலாம். மெதுவா ஓட்டச் சொல்லிடு."
சொன்னேன். ஏன் மெதுவாக என்று சொன்னேனா? இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி, "இவரு இனிமே வீட்லயே இருக்க மாட்டாரு" என்று சிரித்தார். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனசு வரவில்லை. அத்தான் மேல் மட்டும் பழி போடாதே.

மார்ச் 19
டாக்டர் மனைவி இறந்துவிட்டார். மலை இறக்கத்தில், கார் வளைவுச் சுவரில் மோதி. ஓட்டிய டாக்டர் பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 20
பட்டறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 22
வண்டியைப் பார்க்க ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சக்கர இடுக்கில் எட்டிப் பார்த்தேன். டிரம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. மனுஷன் கடைசிவரை மிதித்திருக்கிறார்.
இன்ஸ்பெக்டர் சொன்னார்: "ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடமே இல்ல. பிரேக்கே போடல போல. பிரேக் நல்லாத்தான இருந்துச்சு?"
அத்தான் என் பின்னால் நின்றார்.
"இருந்துச்சு சார்."
சூடேறிய பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. பிடிக்காத சக்கரம் தடம் விடாது. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா? நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 2
அக்கா மாடிக்கு, என் அறைக்கே வந்தாள். "செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா? உன் வாயால எங்களைத் தெருவுல நிறுத்திடாதடா." அழுதாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். தலையாட்டினேன்.

ஏப்ரல் 11
டாக்டரே பட்டறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார் — என்னிடம்!
"நீங்க மெதுவா ஓட்டச் சொன்னீங்க. நான்தான் கேக்கல. பிரேக்க மிதிச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா தடமே இல்லங்கறாங்க. தலையில அடிபட்டதுல எது நிஜம்னே தெரியல. பேசிக்கிட்டே ஓட்டினேன். மிதிக்க மறந்துட்டேனோ என்னவோ..."
நான் துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12
கை நடுக்கத்தால் அவர் கிளினிக்கை மூடிவிட்டாராம். என்னால முடியல. முடியலடா சாமி.

ஏப்ரல் 13
அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது இறக்கம், வாடை, இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். 
"அப்ப நான் மிதிச்சேனா?"
"மிதிச்சீங்க சார். கடைசிவரைக்கும் மிதிச்சிருக்கீங்க."
"நெஜமா?"
"நெஜமா சார்."
எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுதது கூடம்வரை கேட்டது. 

ஏப்ரல் 14
ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் வந்திருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. நாளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், அநேகமாக வீடு திரும்ப முடியாது. பட்டறைக்குச் சீல் வைத்தாயிற்று. அத்தான் போனை எடுக்கவில்லை.
வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் என் துணிப்பை. அக்கா கோபத்தில் அள்ளித் திணித்திருப்பாள் என்று நினைத்துத் திறந்தேன். ஒவ்வொரு சட்டையையும் மடித்து வைத்திருந்தாள்.