படகுக்காரன் கேட்ட கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

உன் விளையாட்டில் ஒரு படகுக்காரன் என்னால் செத்துப்போனான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றபடி நான் நலம். முழங்கால் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை.

நீ போன வருடம் அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைப் பிரிக்காமல் கடையில் ஜிப் கட்டுகளுக்கு மேல் வைத்திருந்தேன். 'நான் வசனம் எழுதினது. முடிஞ்சா ஆடிப் பாரு' என்ற உன் துண்டுச்சீட்டும் ஒட்டியபடியே இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் சாக்கடைக் குழாய் பதிக்கிறோம் என்று கடைத்தெருவைக் குறுக்கே வெட்டிப்போட்டார்கள். நாலு பட்டனுக்காக எந்தத் தையல்காரர் பள்ளம் தாண்டி வருவார்? ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்லா அம்மாவை உனக்குத் தெரியுமே, அவருக்குப் பொழுது போகவில்லை. பெட்டியை இறக்கி, கண்காணிப்புக் கேமராவுக்கு வைத்திருக்கும் திரையில் ஒயரைச் சொருகி, "ஊரை விட்டுப் போய் உங்க தம்பி என்னதான் கிழிச்சிருக்காருன்னு பாப்போமே" என்றார்.

முதலில் 'நீ யார்?' என்று விளையாட்டு கேட்டது. வீரர், மந்திரவாதி, திருடர், வணிகர். நான் யோசிக்கவே இல்லை, வணிகரை அழுத்தினேன். "இங்க இருக்கிறது போதாதா, அங்கயும் போய்க் கடை விரிக்கணுமா?" என்று கல்லா அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெயர் கேட்டபோது மொட்டை என்று போட்டேன், உன் பழைய பட்டப்பெயர். உன்னைப் போல ஆட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நீ இளகிய மனசுக்காரன், கேட்டவருக்கெல்லாம் கொடுப்பவன். அப்படி நாலு நாள் இருந்து பார்ப்போமே என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் மொட்டை என்னைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டான்.

ஒரு மூலிகைக்காரி வருகிறாளே, அவளிடம் காய்ச்சல் மருந்தைப் பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அவள் குடிசை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துக் குடிசைக்காரன் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதில் எனக்கு உன்னோடு சண்டை உண்டு. அவள் சம்மதித்துத்தானே விற்றாள்? கட்டாது என்றால் கட்டாது என்று சொல்ல வேண்டியதுதானே? கல்லா அம்மாவிடம் இதைக் கேட்டேன். "அவ அவசரத்துக்கு விக்கிறா. அது தெரிஞ்சுதான நீங்க இறக்கிப் பேசுனீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது இரக்கப்பட்டு உதவினால், பத்து நிமிடத்தில் அவன் ஒரு வாளையோ மோதிரத்தையோ கொண்டுவந்து நீட்டுகிறான். அது தர்மம் இல்லை தம்பி, தவணை முறை. கொடுத்தால் திரும்பி வரும் என்று தெரிந்தால் நான்கூடத்தான் வள்ளல். ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகும் ஒருவன் கொடுக்கிறானா என்று பார்த்துத்தான் ஆளை எடைபோட வேண்டும். உன் முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல்.

பாதி விளையாட்டில் இருந்தபோதுதான் உன் செய்தி வந்தது. 'அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி பதிவு அலுவலகத்துல கல்யாணம். முடிஞ்சா வா. கட்டாயம் இல்ல.' படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

அதற்கு மூன்றாம் நாள் ஆற்றங்கரை வந்தது. அந்தப் படகுக்காரன் முதல் ஊரிலிருந்து மொட்டையோடு வருபவன். நன்றாகத் துடுப்புப் போடுவான், கடி ஜோக்காகச் சொல்லுவான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. கரையில் நின்று, தனக்கு மேலாற்றில் வேறு வாழ்க்கை இருக்கிறது, தான் போகட்டுமா என்று கேட்டான். திரையில் மூன்று பதில்கள் இருந்தன: 'போகாதே.' 'உன் இஷ்டம்.' 'சாப்பிட்டுவிட்டுப் போ.' கீழே ஒரு வெள்ளைக்கோடு மெதுவாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. அது என்ன கோடு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் உடனே எதையும் அழுத்தியிருக்க மாட்டேன். எதிராளி முதலில் ஒன்று சொல்லுவான், காத்திருந்தால் கொஞ்சம் இறங்கி வருவான். முப்பது வருடமாக நான் கண்டது அது. கோடு தீர்ந்தது. 'நீங்கள் எதுவும் சொல்லவில்லை' என்று எழுத்து வந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு ஊர் தாண்டி, அவன் சுழலில் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சும்மா இருந்ததை எப்படிப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று திரையைப் பார்த்தே கத்தினேன். "அவருக்கு என்ன தெரியும், நீங்க மனசுக்குள்ள என்ன வச்சிருந்தீங்கன்னு?" என்றார் கல்லா அம்மா. அவர் படகுக்காரனைத்தான் சொன்னார்.

முன்னால் பதிந்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போகலாமாம். மூன்று முறை போனேன். மூன்று பதிலையும் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அவன் போகத்தான் போகிறான். ஆனால் பதில் கிடைத்தால் கூடுதலாக நாலு வார்த்தை நின்று பேசுகிறான். மொட்டையின் மூட்டையில் கிடக்கும் கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். சுழலில் அந்தக் கயிறு அவனைக் கரை சேர்க்கிறது. 'போகாதே' என்று சண்டை போட்டாலும் பிழைத்துக்கொள்கிறான். பதில் கிடைக்காதவன்தான் வெறுங்கையோடு போகிறான். இதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்க மாட்டேன். கொள்முதல் எங்கே என்று கேட்பது தொழில் மரியாதை இல்லை.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதையில் தட்டேந்திப் பட்டன் விற்ற காலத்தில் நானாகக் கற்ற பாடம் ஒன்றுதான். விலையைச் சொன்ன பிறகு முதலில் வாய் திறப்பவர் தோற்றார். நாலு வருடத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை சரக்கறையில் வந்து நின்று, "அக்கா, நான் கடைக்கு வரல. வேற வேலை கிடைச்சிருக்கு. நீ என்ன சொல்ற?" என்று கேட்டாய். நான் யானைத்தந்த நிறப் பட்டன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணவில்லை. கை மட்டும் எண்ணியது. இன்னும் கொஞ்சம் நின்றால் நீயே வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறேன் என்பாய், நான் ஒரு நாளுக்கே சரி சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. நான் எதிர்க்கவும் இல்லை தம்பி, வாழ்த்தவும் இல்லை. பேரம் பேசிக்கொண்டிருந்தேன். உன்னிடம்.

போனில் கூப்பிட்டால் பழக்கதோஷத்தில் மறுபடியும் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் கடிதம்.

நேற்று நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் போனில் கூப்பிட்டாள். விளையாட்டில் வருகிறவர்களுக்கு முகம் வரைவது தன் வேலை என்றாள். மூலிகைக்காரி முகமும் அவள் வரைந்ததுதானாம். வணக்கம் சொன்ன கையோடு, "அக்கா, வர்றீங்களா இல்லையா? அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ போனைப் பாக்கிறாரு, எனக்குப் பாக்க முடியல" என்றாள். சுற்றி வளைக்கவே இல்லை. நான் சும்மா இருந்து பார்த்தேன். அவளும் சும்மா இருந்தாள். முழுதாக ஒரு நிமிடம் இருக்கும். கடைசியில் நான்தான் வாய் திறந்தேன். நல்ல இடத்தில் விழுந்திருக்கிறாய். அவளை விட்டுவிடாதே.

இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, குறைவில்லாமல் இருக்க வேண்டும். என் ஆசீர்வாதம் இரண்டு பேருக்கும் சரிபாதி.

அவளும் நானும் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பிறகு தகராறு வரக்கூடாது. பத்தாம் தேதி காலை வந்து இறங்குகிறேன். தங்குவதற்கு நான் இருபது நாள் கேட்டேன், அவள் நாலு நாள் என்றாள், எட்டில் நின்றது. ஓட்டல் அறை கிடையாது, உங்கள் கூடத்தில்தான் எனக்குப் படுக்கை. என்னை அழைத்துப்போக ஆள் அனுப்பக் கூடாது, நீயே வர வேண்டும். அவள் பங்குக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைக்குத் திரும்பி வா என்று உன்னிடம் நான் கேட்கக் கூடாது. அந்த எட்டு நாளைக்குத்தானே என்றேன். இல்லை, எப்போதுமே என்றாள். ஒப்புக்கொண்டேன்.

உன்
அக்கா