மதினி வாங்கிய பழைய கேமராக்கள்

என் பிரியமான மதினிக்கு,

சிவகாசியில் மழை. குச்சி காயவில்லை என்று தீப்பெட்டி ஆபீஸில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நயா பைசா வந்த புதிதில், இருக்கன்குடிக் கோயிலில் உங்களையும் அண்ணனையும் சேர்த்து ஒரு போட்டோக்காரர் படம் எடுத்தார். ரோல் முடிந்ததும் கழுவித் தருவதாகச் சொன்னார். அதற்குள் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். போட்டோக்காரரும் உள்ளிருந்த ரோலோடு கேமராவை விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். அண்ணனுக்கு வேறு படம் கிடையாது.

அன்றிலிருந்து பழைய இரும்புக் கடைகளில் கேமரா தேட ஆரம்பித்தீர்கள். பெட்டிக் கேமரா, துருத்தி மாதிரி விரிகிற கேமரா, கண்ணாடி உடைந்தது, எதையும் விட்டதில்லை. உள்ளே பிலிம் இருந்தால் விருதுநகர் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவுவோம். பெரும்பாலும் வெறும் கறுப்புதான் வரும். உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். எங்கள் அம்மாவும் சொன்னாள். நீங்கள் அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

ஒரு தடவை தெளிவாக ஒரு படம் விழுந்தது. அண்ணன் இல்லை; களத்தில் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு சின்னப் பெண். அந்தக் கேமரா வெம்பக்கோட்டையிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னதும், மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். படத்தைக் காட்டி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பிள்ளை அம்மையில் போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பெற்றவள் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம் பிள்ள மொகம் மறந்துருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் தாயி" என்றாள்.

திரும்பி வரும்போது நான்தான் அழுதேன். அண்ணன் படம் இல்லையே என்று உங்களுக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்கு செல்லத்தாயி. ஆனா இன்னைக்கு ஒருத்திக்குக் கெடச்சிருக்குல்ல."

அதன் பிறகும் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கினீர்கள். அலமாரி நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் அடுக்கினோம். எதிலும் அண்ணன் இல்லை. இந்தத் தையில் மஞ்சள் காமாலை உங்களையும் கொண்டுபோனது. இத்தனை கேமரா வைத்திருந்த உங்களை ஒரு படம் எடுத்து வைக்கவில்லையே மதினி. அது எப்படி நமக்குத் தோன்றாமல் போனது?

போன வாரம் இரும்புக் கடைக்காரர் ஒரு கேமராவோடு வந்தார். நீங்கள் இறந்தது அவருக்குத் தெரியாது. சொன்னதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இத நீங்க எடுத்துக்கிறீகளா?" என்று கேட்டார்.

வாங்கிக்கொண்டேன். பிலிமும் கழுவியாயிற்று. ஒரு பெரியவர், மடியில் ஆட்டுக்குட்டி. கேமரா ஆனைக்குட்டம் பக்கமிருந்து வந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் மதினி. அவர் வீடு தெரியும்வரை கேட்டுக்கொண்டே நடப்பேன்.

உங்கள் நாத்தனார்,
செல்லத்தாய்