தண்ணியில ஓடுற மில்லு தீப்பிடிச்ச கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நல்லா இருக்கோம், உன் பெரியப்பாவோட மானம் மட்டும்தான் உடம்பு சரியில்லாம படுத்திருக்கு. நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட படுக்காதே, போன்ல உன் இருமலைக் கேட்டதுல இருந்து அப்பா புலம்பிக்கிட்டே இருக்கார்.

வாய்க்கால் ஓரத்துல எரிஞ்சு கிடந்த நம்ம குடும்பத்து மாவு மில்லைப் பெரியப்பா புதுப்பிச்சுக் காட்சிக்கூடமா ஆக்கினார் இல்லையா, அதோட திறப்பு விழா ஒருவழியா முடிஞ்சது. வாசல்ல ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. உன் கொள்ளுத்தாத்தா தண்ணியை வச்சே கல்லைச் சுத்தவிட்ட மகா மேதையாம், ஊருக்கே மாவு கொடுத்த வள்ளலாம். வள்ளலாவது, மண்ணாவது! வயலுக்குப் போற தண்ணியை எல்லாம் மில்லுக்கே திருப்பிவிட்டு ஊர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கிட்ட மனுஷன். அதெல்லாம் பலகையில ஏறுமா? கடைசி வரியில மட்டும், வேலைக்காரனோட வஞ்சகத்தால மில்லு எரிஞ்சதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அந்த வேலைக்காரர் யாரு, நம்ம தெருமுனை டெய்லரோட தாத்தா. அதை வச்சுதானே, டெய்லர் பையனை நீ கட்டிக்கக் கேட்டப்போ, நெருப்பு வச்ச குடும்பத்துக்குப் பொண்ணு கொடுக்கிறதான்னு பெரியப்பா குதியா குதிச்சார்! உங்கப்பாவும் அண்ணன் கிழிச்ச கோட்டைத் தாண்டாம வாயைப் பொத்திக்கிட்டு இருந்தார்.

தண்ணியில ஓடுற மில்லு தானா எப்படித் தீப்பிடிக்கும், அவன்தான் வச்சிருப்பான், இதுதான் இவங்க பரம்பரையா பண்ணின பெரிய ஆராய்ச்சி. தொட்டியில தானியம் தீர்ந்ததும் தண்ணியை நிறுத்துற மதகை இறக்கிட்டுச் சாப்பிடப் போனேன், யாரோ தூக்கிவிட்டுட்டாங்கன்னு அந்த மனுஷர் சாகிற வரைக்கும் சொன்னாராம், யார் காதுல போட்டுக்கிட்டா? விழாவிலும் பெரியப்பா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அதே பாட்டைத்தான் பாடினார். எரிஞ்ச அன்னைக்கு மத்தியானம்கூட உன் கொள்ளுத்தாத்தா தன் கையாலேயே மதகைத் தூக்கி விருந்தாளிகளுக்கு மில்லை ஓட்டிக் காட்டினார்னு பெருமை வேற. சொல்லிட்டு, அவர் பேரன் இல்லையா, தானும் போய்த் தூக்கினார். தொட்டியில ஒரு பிடி தானியம் கிடையாது. மாவு பறந்தா வெள்ளைச் சட்டை பாழாயிடும்னு கொட்டவேண்டாம்னு சொல்லிட்டாராம் துரை! நடுவுல தானியம் இல்லேன்னா கல்லும் கல்லும்தானே உரசும்? காது கிழியிற மாதிரி சத்தம், பொறி பறக்குது, கல்லைச் சுத்தியிருந்த மரச்சட்டம் புகையுது. மில்லுக்காரப் பரம்பரை முதல் ஆளா வெளியே ஓடிச்சு. நான்தான் முந்தானையைச் செருகிக்கிட்டுப் போய் மதகை இறக்கினேன்.

வெளியே நின்னு மூச்சு வாங்கின மகராசன் என்ன சொன்னார் தெரியுமா? கூட்டத்துல கடைசியா நின்ன டெய்லரைக் கைகாட்டி, இவன்தான் ஏதோ பண்ணியிருக்கான், இவங்க ரத்தமே அப்படின்னார். வெட்கம் கெட்ட ஜென்மம்! டெய்லர் முகம் சுண்டிப்போச்சு. அப்பதான் உங்கப்பா (ஆமாண்டி, நம்ம வாயில்லாப்பூச்சிதான்!), அண்ணா, இன்னைக்கு மதகைத் தூக்கினது நீங்க, அன்னைக்குத் தூக்கினது நம்ம தாத்தான்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். ஊரே கொல்லுன்னு சிரிச்சது. எனக்கு அழுகை வந்துடுச்சு.

பலகையில அந்தக் கடைசி வரிமேல பெயிண்ட் அடிச்சுடறேன், பேச்சை இதோட விட்டுடலாம்னு பெரியப்பா ஆள் விட்டிருக்கார். அடிக்கட்டும், முகத்துலயும் கொஞ்சம் அடிச்சுக்கட்டும். தெருமுனையில டெய்லர் கடை இருந்தும் பஸ் ஏறிப்போய்ச் சட்டை தைச்சுக்கிட்ட உங்கப்பா, இன்னைக்குக் காலையில அந்தக் கடைக்குள்ள போய்க் கையைத் தூக்கிக்கிட்டு நின்னு அளவு கொடுத்துட்டு வந்திருக்கார். என்ன சட்டைன்னு டெய்லர் கேட்டாராம். என் பொண்ணு கல்யாணத்துக்குப் போடுறதுன்னாராம்.

நீங்க ரெண்டு பேரும் குறையில்லாம நீண்ட நாள் வாழணும். லீவுக்குச் சொல்லிவை, இருமல் மருந்தை மறக்காதே.

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட பாவத்துக்கு மதகை இறக்கிவச்ச,
உன் அம்மா