டர்பைன் அறையின் சட்டைப்பை ஏடு

2087 மே 14, புதன். 11:30
கரிசல் விரைவுத் தடம், வண்டி எண் 7. பயணிகள் 212. ஓட்டுநர் மீரான், கார்டு அருமைநாயகம். டர்பைன் பொறுப்பு: ஞா. தேவசகாயம், வயது எழுபத்தொன்று. வேகம் மணிக்கு 310 கிலோமீட்டர். சுழல்தண்டு நிமிடத்துக்கு 14,200 சுற்று. எண்ணெய் அழுத்தம் சரி. அணைமுகம் சேர வேண்டிய நேரம் 12:26.
எதையும் முதலில் இந்தச் சட்டைப்பை ஏட்டில் குறித்து, பின்னர் அறையிலுள்ள பெரிய ஏட்டில் படியெடுப்பது என் வழக்கம். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் இரண்டும் ஒருமுறைகூட வேறுபட்டதில்லை.

11:52
சிவப்பு விளக்கு. நின்றோம். முன்னால் தண்டவாளத்தில் ஒரு துண்டு பெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆயுதம் தாங்கியோர் முப்பது பேர். 11:54க்கு மீரானைச் சன்னல் வழியாகச் சுட்டார்கள். இன்டர்காம் திறந்திருந்ததால் அவர் விழுந்த ஓசை எனக்குக் கேட்டது. டர்பைனை அணைத்தேன்.

12:02
அருமைநாயகத்தைக் கீழே இழுத்துப்போட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். பதினோரு அடி. ஏழாவதுக்குப் பிறகு அவர் கத்தவில்லை. நீலச் சட்டை அணிந்த பயணி ஒருவர் ஓடினார். இருபது அடி தாண்டுமுன் சுட்டுக் கொன்றார்கள். என் இடக்கை விரல்கள் இரண்டைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தார்கள். வலக்கை எழுதுகிறது.
தண்டைத் திருப்பும் மோட்டார் குண்டுபட்டுப் பழுதாகிவிட்டது. கண்டெடுப்பவருக்கு விளக்கம்: சூடான தண்டு அசையாமல் நின்றால், மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே சீராக ஆறாமல் மயிரிழையளவு வளைந்துவிடும். வளைந்த தண்டை ஓட்டினால் அதிலுள்ள விசிறி அலகுகள் உறையில் உரசி டர்பைனே சிதறும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை நெம்புகோலால் அரைச்சுற்று திருப்ப வேண்டும். திருப்பினேன்.

12:12
திருப்பினேன். இன்டர்காமில் ஓட்டுநர் அறையிலிருந்து ஒரு பெண் குரல்:
"தேவசகாயம் சாரா? இன்னும் உசுரோடதான் இருக்கீகளா? சீனித்தாய் பேசுதேன். ஞாபகம் இருக்கா, இல்ல ஏட்டப் பொரட்டணுமா?"
புரட்டத் தேவையில்லை. 2079 ஆகஸ்ட் 3, வியாழன். அன்று இவ்வண்டியின் ஓட்டுநராக இருந்த சீனித்தாய், தம் ஊரான நாவல்குறிச்சியில் அனுமதியின்றி நான்கு நிமிடம் நிறுத்தினார். நான் பதிந்தேன். அவர் வேலை போயிற்று. அதற்குத் தண்டனையாக, அவ்வூரில் தண்ணீர் வண்டி நிற்பதும், அங்கே இறங்கிய தண்ணீரும் போயின. பதிவு உண்மையானது.

12:25
12:22க்குத் திருப்பினேன். மீண்டும் அவர்:
"தண்டவாளத்த மாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் சார். மாட்டுனதும் முழு வேகத்துல அணைமுகம் கேட்டுக்குள்ள விடப்போறோம், ஆளுகளோட. எங்க தண்ணிய அடைச்சவுக பாக்கட்டும். நீங்க தண்டத் திருப்பிக்கிட்டே இருங்க. கெளம்புறதுக்கு முன்னால ஏட்ட வந்து பாப்பேன். ஒரு ஊரையே அழிச்ச ஏடாச்சே, அதுல பொய் இருக்காது."

12:32
திருப்பவில்லை.
பெரிய ஏட்டில் "12:32, அரைச்சுற்று" என்று எழுதினேன். அறை வெப்பம் 61 பாகை. தாங்காமல் காவலாள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். அவன் நெம்புகோலின் ஓசையை மட்டுமே கேட்கிறான். பற்சக்கரத்திலிருந்து விலக்கி அசைத்தாலும் அதே ஓசைதான்.

13:02
திருப்பவில்லை. அதிர்வு மிகுந்தால் டர்பைனை அணைக்கும் கருவியின் ஃபியூஸைக் கழற்றி எண்ணெய்த் தொட்டியில் போட்டேன். என் கணக்குப்படி சக்கரம் உருளுமுன்னரே டர்பைன் சிதறும். சில்லுகள் பக்கவாட்டில் பறக்கும். பின்னாலுள்ள பெட்டிகளை நோக்கிப் போகா. காவலாள் சொன்னபடி, எஞ்சினின் இருபுற நடைபலகைகளிலும் அவர்களில் இருபது பேர் துப்பாக்கியுடன் அமரவிருக்கிறார்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் அணைமுகத்துக் காவல் வண்டி எதிர்த்தடத்தில் புறப்பட வேண்டுமென்பது விதி. அது 14:00க்கு இங்கே வரும். பயணிகள் 211 பேர் பிழைப்பார்கள். இந்த அறையில் எவரும் பிழைக்க மாட்டார்.

13:14
மூன்றாம் பெட்டியில் மூன்று குண்டுகள். ஒரு பெண் நெடுநேரம் அலறினார், பிறகு நிறுத்தினார். மேலே 211 என்று எழுதியதை 208 எனத் திருத்திக்கொள்க.

13:22
திருப்பவில்லை. காவலாள் கதவைத் தட்டினான்: "ஏ பெருசு! போன தடவ இருவது டக்கு கேட்டுச்சு. இப்பப் பத்தொம்பதுதான். யார ஏமாத்துத?"
இன்னொரு முறை அசைத்தேன். "ஆங், அப்படி வா" என்றான்.

13:37
தண்டவாளம் மாட்டியாயிற்று. சீனித்தாய் நேரில் வந்தார். முடி நரைத்துவிட்டது. முழங்கைவரை மீரானின் இரத்தம். பெரிய ஏட்டை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.
"ஒரு நிமிசம் பெசகல. நீங்க மாறவேயில்ல சார். ஸ்டார்ட் பண்ணுங்க."
ஓட்டுநர் அறைக்குப் போய்விடும்படி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சிரித்தார்.
"வண்டிய எம் பய ஓட்டுவான். இந்தச் சத்தத்தக் கேட்டு எட்டு வருசமாச்சு. இங்கனயே நிக்கேன்."
சற்று நேரம் கழித்து: "அன்னைக்குத் தடத்தோரம் அஞ்சு புள்ளைக நாக்கு வறண்டு கெடந்துச்சு சார். அதுக்குத்தான் நிறுத்துனேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சே. அதுல ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல?"
அன்று நானும் சன்னல் வழியே அவர்களைப் பார்த்தேன். இதை இன்றுதான் எழுதுகிறேன்.

13:41
எரிபொருளைத் திறந்தேன். 900 சுற்று. 1,800. உறையில் உரசல். தரை குதிக்கிறது. எழுத்து கோணுவதற்கு மன்னிக்கவும்.
"சார், இது அந்தச் சத்தமில்லையே... சார்?"
பெரிய ஏட்டைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். அணைக்கும் விசைக்கும் அவருக்கும் இடையில் நிற்கிறேன். தோளில் சுட்டுவிட்டார். 3,300.
திருத்த வேண்டியவை. ஒன்று: பெரிய ஏட்டில் இன்று 12:32 முதல் 13:32 வரை ஏழு பதிவுகளும் பொய். சிவப்பு மையால் அடிக்கவும். இரண்டு: 2079 ஆகஸ்ட் 3, வியாழன், நான்கு நிமிடம். காரணம் என்ற கட்டம் காலி. அதில் எழுதவும்: ஐந்து குழந்தைகள், தண்ணீர். 4,100. திருத்தியவர் தேவசகாயம். நேரம் 13:4